தகப்பனாருக்கும் குழந்தை உண்டு

குழந்தை வளர்ப்பு மாதரின் காரியமே என்று நம்மவர் கொண்டுள்ள எண்ணம் சட்டப் புஸ்தகத்திலும் ஏறியிருக்கிறது. 1961-ம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்தை 2017-ல் திருத்தியபோது, முதலிரண்டு குழந்தைகளுக்குத் தாயின் சம்பள விடுமுறை 12 வாரத்தினின்று 26 வாரமாக உயர்ந்தது. 50 பேருக்குக் குறையாத ஸ்தாபனங்கள் குழந்தைக் காப்பகம் வைக்கவேண்டும். தாய் தினம் நான்கு முறை அங்கே போய்வரலாம். நன்று. அதே ஸ்தாபனத்தில் தகப்பனார் வேலை பார்த்தால் அவர் ஒரு முறையேனும் போகலாமா? அத்திருத்தம் அவரைப்பற்றி மூச்சுவிடவில்லை. மத்திய சர்க்காரின் ஆண் சிப்பந்திக்குத் தனி விதியால் 15 தினங்கள் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கும் கடைக் குமாஸ்தாவுக்கும் அச்சட்டம் அதையும் அளிக்கவில்லை.

இதன் பலன் யாது? ஈ.எஸ்.ஐ. இன்ஷூரன்ஸில் சேராத பெண்ணின் விடுமுறைச் சம்பளம் முதலாளியையே சாரும். ஆணை அமர்த்தினால் இச்செலவில்லை யென்று அவர் கணக்குப் போடாமலிருப்பாரா? பெண்ணுக்குச் செய்த உபகாரமே அவளுக்கு வேலைக் கதவை அடைக்கக்கூடும்.

ஸ்வீடன் தேசத்தார் 1974-ல் தாய்தந்தையர் இருவருக்கும் பொதுவாக விடுமுறை அளித்தனர். ஆண்கள் அதைப் பெரும்பாலும் மனைவியரிடமே விட்டுவிட்டார்கள்! 1995-ல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கி, அவர் எடுக்காவிடில் குடும்பத்துக்கே நஷ்டமென்று விதித்த பிறகுதான் தகப்பன்மார் தொட்டிலண்டை வரலாயினர்.

நமது நண்பரிற் பலர் மாதர் உரிமை பற்றி மேடையில் இரண்டு மணி நேரம் பிரசங்கிக்க வல்லவர்; அவர்கள் வீடு திரும்புமுன் குழந்தை உறங்கிவிடுகிறது. தொழிற்சங்கங்களின் கோரிக்கைகளில் தகப்பனாரின் விடுமுறையையும் சேர்க்க இவர்கள் முன்வருவார்களா என்று கேட்கிறோம்.