தேக்கில் பிறந்த 'திருகோணமலை'

மும்பைக் கோட்டைப் பகுதியில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர் தினமும் லயன் கேட்டைக் கடந்துதான் போகிறார்கள். அந்த மதிலுக்கு உள்ளே, கடற்படைத் தளத்தில், 1750-ல் கட்டிய 'டிரை டாக்' ஒன்று உண்டு. கப்பலை உள்ளே விட்டு, கதவை அடைத்து, தண்ணீரை வெளியேற்றி, அடிப்பாகத்தில் வேலை செய்வதற்கான கல் தொட்டி அது. சூரத்திலிருந்து 1736-ல் பம்பாய்க்கு வந்த லவ்ஜி நஸர்வான்ஜி வாடியா என்ற பார்சித் தச்சரும் அவர் வம்சத்தாரும் இந்தத் தளத்தில் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டினார்கள். அவற்றுள் ஒன்று இன்றும் மிதக்கிறது.

அதன் பெயர் 'டிரிங்கோமலி', அதாவது திருகோணமலை. 1782-ல் அந்தத் துறைமுகத்தருகே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கடற்போரின் நினைவாக வைத்த பெயர்.

ஆங்கிலேயர் தங்கள் போர்க்கப்பலைப் பம்பாயில் கட்டுவானேன்? நெப்போலியனோடு நடந்த நீண்ட யுத்தத்தில் அவர்கள் நாட்டில் ஓக் மரத்துக்குப் பஞ்சம் வந்துவிட்டது. இங்கேயோ மலபார் தேக்கு இருந்தது. ஓக்கின் துவர்ப்புச் சத்து இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் அதைத் துருப்பிடிக்காமல் காக்கும்.

கப்பலின் வடிவம் எதிரியுடையது! ஆங்கிலேயர் 1782-ல் பிடித்த 'எபே' என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பார்த்து வரைந்தது. அந்த வரைபடங்களைக் கொண்டுவந்த 'ஜாவா' கப்பலை 1812-ல் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கர்கள் வென்று எரித்துவிட்டார்கள். மறுபடி நகல் அனுப்ப வேண்டியதாயிற்று. தலைமைத் தச்சர் ஜாம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா, பார்சி வழக்கப்படி அடிமரத்தில் வெள்ளி ஆணி அடித்து வேலையைத் தொடங்கினார். 1817 அக்டோபர் 12-ல் கப்பல் கடலில் இறங்கியது. அதற்குள் யுத்தமே முடிந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது! 1819-ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, 1845 வரை சும்மா கிடந்தது. சர்க்கார் காரியம் அன்றும் அப்படித்தான் போலும்.

1848-ல்கூட 80 பீரங்கிகளுடன் 'மியானி' என்ற தேக்குக் கப்பலைப் பம்பாய்த் தச்சர்கள் கட்டி இறக்கினார்கள். ஆனால் நீராவியும் இரும்பும் வந்துவிட்டன. 1860-ல் இங்கிலாந்து 'வாரியர்' என்ற இரும்புக் கப்பலைக் கடலில் இறக்கியது. 1862 மார்ச்சில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரும்புக் கவசமிட்ட 'வர்ஜீனியா' ஒரே நாளில் இரண்டு மரக் கப்பல்களை அழித்தது. மறுநாள் இன்னொரு இரும்புக் கப்பலான 'மானிட்டர்' வந்து எதிர்த்தது. மணிக்கணக்கில் சுட்டும் ஒன்றையொன்று மூழ்கடிக்க முடியவில்லை. தகப்பனிடமிருந்து மகன் கற்ற தச்சு வேலைக்குப் போர்க்கப்பலில் அதோடு இடமில்லாமல் போயிற்று.

மும்பையில் பெரிய போர்க்கப்பல் மறுபடி உருவாக நெடுங்காலம் ஆயிற்று. மஜகாவ் டாக்கில் கட்டிய 'நீலகிரி' 1972-ல் படையில் சேர்ந்தது. உருக்குக் கப்பல், 1996-ல் ஓய்வு பெற்றது. அதே பெயரில் அங்கேயே கட்டிய புதிய கப்பல் 2025 ஜனவரியில் சேர்ந்திருக்கிறது. எதிரியின் ரேடாரில் எளிதில் அகப்படாதபடி சரிவாக அமைத்த உடல் அதற்கு.

'டிரிங்கோமலி' இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் நிற்கிறது. டிக்கெட் வாங்கி ஏறிப் பார்க்கலாம். பல வருஷம் பழுதுபார்த்து 2001-ல் வேலையை முடித்தார்கள். அப்படியும் அதன் மரத்தில் பெரும்பகுதி ஜாம்ஷெட்ஜியின் ஆட்கள் இழைத்த அதே தேக்குதான்.