கருப்புக் கட்டிக்குள் உறங்கும் கடிகாரம்

பழைய கணினியைப் போட்டதும் திரையில் '162' என்ற எண் வந்தால் பயப்பட வேண்டாம். தன் அமைப்பு விவரங்களையெல்லாம் மறந்துவிட்டதாக அது சொல்கிறது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் நண்பர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய, கைப்பிடி வைத்த 1980களின் பெட்டிக் கணினியும் அதையே சொன்னது.

1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் மோட்டோரோலாவின் 146818 என்ற ஐசி இருந்தது. அதில் மொத்தமே 64 பைட். கடிகாரத்துக்கு 14 போக, மீதி 50 பைட்டில்தான் ஹார்ட் டிஸ்க் எந்த வகை, ஃபிளாப்பி எத்தனை, நினைவகம் எவ்வளவு என்ற விவரங்கள். கரண்ட் இல்லாதபோது அவற்றைக் காக்கத் தனியாக ஒரு பேட்டரி வைத்தார்கள். டல்லாஸ் செமிகண்டக்டர் அந்த பேட்டரியையும் குவார்ட்ஸ் படிகத்தையும் ஐசியின் முதுகிலேயே ஏற்றி, எம்-சீல் போல இறுகும் எபாக்சியால் மூடிவிட்டது. டிஎஸ் 1287, பிறகு 12887 என்று வந்தவை இவை. படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு, அதுதான் கடிகாரம்.

உள்ளிருக்கும் லித்தியம் செல் பத்தாண்டு தாங்கும் என்றார்கள், தாங்கியது. ஆனால் கணினி அதைவிட நீண்ட நாள் வாழ்ந்துவிட்டது. மாற்றவே முடியாதபடி மூடியதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பழைய இருப்பிலிருந்து 'புதுசு' என்று வாங்கினாலும் உள்ளே இருக்கும் செல்லுக்கும் வயதாகியிருக்கும்.

அதனால் அந்தக் கட்டியையே பிழைக்க வைப்பது நல்லது. சால்டரைப் பொறுமையாக உறிஞ்சி ஐசியைக் கழற்றுங்கள். போர்டில் ஐசி பேஸ் போட்டுவிட்டால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை. ஐசியின் 24 கால்களில் 16, 20 ஆகிய இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். ஆனால் அந்த இடங்களில் கால் கீழே இறங்காது. மேலே மடங்கி செல்லுக்குப் போகும். முகக்கவசம் போட்டு, பக்கவாட்டில் எபாக்சியை அரத்தால் மெல்ல ராவினால் கருப்புத் தூளுக்கு நடுவே வெள்ளிப் பொட்டுபோல் உலோகம் பளிச்சிடும். அதை அங்கேயே வெட்டி, செத்த செல்லின் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது புதிய செல்லையும் உறிஞ்சிவிடும். ஐசி பக்கம் மிஞ்சிய நுனிகளில் இரண்டு ஒயர்: 16இல் மைனஸ், 20இல் பிளஸ். மறுமுனையில் வாட்ச் கடையில் கிடைக்கும் 3 வோல்ட் சிஆர் 2032 செல்லுக்கு ஒரு ஹோல்டர். கடற்காற்று அடிக்கும் புதுச்சேரியில் சால்டர் வைத்த இடத்தைத் துடைத்துச் சுத்தமாக வைப்பதும் முக்கியம்.

பிறகு தேதி, நேரம், டிஸ்க் வகை எல்லாவற்றையும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஏடி காலத்துக் கணினிகள் பலவற்றில் இதற்கென்றே தனி ஃபிளாப்பி உண்டு. அது பிழைத்திருக்கிறதா என்று பெட்டியைத் திறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். டிஸ்க்கின் வகை எண்ணை ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.