பொது மிடி சீர்தரத்தின் தனியுரிம விரிவாக்கங்கள்

பொது மிடி சீர்தரத்தின் தனியுரிம விரிவாக்கங்கள் என்பவை, ஜெனரல் மிடி எனப்படும் பொதுச் சீர்தரத்தின் மேல் இசைக்கருவி நிறுவனங்கள் தாமாகச் சேர்த்துக்கொண்ட கூடுதல் விதிகள் ஆகும். சப்பானிய நிறுவனங்களான ரோலண்டின் ஜிஎஸ் (1991), யமாகாவின் எக்ஸ்ஜி (1994) ஆகியன இவற்றுள் முதன்மையானவை. ஒரே மிடி கோப்பு கருவிக்குக் கருவி வேறாக ஒலிப்பதற்கு இவையும் ஒரு முக்கியக் காரணம்.

பின்னணி

மிடி கோப்பில் ஒலி இருப்பதில்லை. எந்தச் சுரத்தை எப்போது, எவ்வளவு விசையுடன் இசைக்க வேண்டும் என்னும் கட்டளைகளே இருக்கின்றன. 1983 இல் வெளிவந்த மிடி, எந்த எண் எந்த வாத்தியத்தைக் குறிக்கும் என வரையறுக்கவில்லை. 1991 இல் ஜெனரல் மிடி 128 வாத்தியங்களுக்கு நிலையான எண்களை வழங்கியது. 16 தடங்களுள் 10 ஆவதைத் தாளக் கருவிகளுக்கு ஒதுக்கியது. இப்பட்டியலில் சித்தாரின் எண் 105. தம்புராவுக்கு இடமில்லை.

செயற்படும் முறை

128 எண்கள் போதாதபோது, ஒவ்வோர் எண்ணின் கீழும் பல மாற்றொலிகளை வைக்க மிடியின் பேங்க் தேர்வுக் கட்டளை உதவுகிறது. இக்கட்டளைக்கு 0, 32 என இரு கட்டுப்பாட்டு எண்கள் உண்டு. சவுண்ட் கேன்வாஸ் எஸ்சி-55 கருவியுடன் அறிமுகமான ஜிஎஸ், மாற்றொலியை 0 ஆம் எண்ணால் தேர்ந்தது. எம்யு80 கருவியுடன் வந்த எக்ஸ்ஜியோ அதற்கு 32 ஆம் எண்ணைப் பயன்படுத்தி, 0 ஆம் எண்ணைப் பேங்கின் வகையைக் குறிக்க வைத்துக்கொண்டது. சிக்கல் தொடங்குவது இங்குதான்.

எக்ஸ்ஜியில் தம்புரா, சித்தாரின் மாற்றொலியாக 105 ஆம் எண்ணின் கீழேயே உள்ளது. அக்கோப்பை ஜெனரல் மிடி மட்டும் அறிந்த கருவியில் இசைத்தால், தம்புராவின் சுருதி சித்தாராக ஒலிக்கும். இது பொறுத்துக்கொள்ளத்தக்க இழப்பே. தாளத்தில் நிலைமை மோசம். இரு விரிவாக்கங்களும் 10 அல்லாத தடத்தையும் தாளத் தடமாக்க வழி செய்கின்றன. எக்ஸ்ஜியில் பேங்க் 127, ஜிஎஸ்ஸில் தனிக் கட்டளை. இதனை அறியாத கருவியில் அத்தடத்தின் முரசு அடிகள் பியானோ சுரங்களாகக் கொட்டும்.

எதிரொலி போன்ற விளைவுகளை நுணுக்கமாக அமைக்க, சிஸ்டம் எக்ஸ்குளூசிவ் எனப்படும் நிறுவனத் தனிக் கட்டளைகள் பயன்படுகின்றன. இவை நிறுவன எண்ணுடன் தொடங்கும்: ரோலண்டுக்கு 65, யமாகாவுக்கு 67. தனக்குரியதல்லாத எண்ணைக் காணும் கருவி அக்கட்டளையைப் புறக்கணித்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கேட்பவருக்கு இசையமைப்பே சரியில்லை என்றுதான் தோன்றும்.

பிற்கால நிலை

யமாகாவின் எம்யு கருவிகள் ஜிஎஸ் கோப்புகளை இசைக்க, அப்பெயரைக் கூறாமல் டிஜி300பி என்றொரு பயன்முறையைக் கொண்டிருந்தன. 1999 இல் வெளிவந்த ஜெனரல் மிடி 2, மாற்றொலிகளைப் பொதுச் சீர்தரத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் பேங்க் எண்ணாக 121, தாளத்துக்கு 120 எனப் புதியவற்றையே வகுத்ததால் பழைய கோப்புகளுக்கு அதனால் பயனில்லை. விண்டோசுடன் வரும் மைக்ரோசாப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சிந்த் ரோலண்டிடம் உரிமம் பெற்ற ஒலிகளைக் கொண்டது. எனவே எக்ஸ்ஜிக்கென எழுதப்பட்ட கோப்பொன்றை அதில் மட்டும் கேட்டு மதிப்பிடுவது பொருந்தாது.