ராஜபாளையத்தில் ஒரு பவர் கார்டு

இங்கிலாந்தின் பர்மிங்காம் ஒரு தொழிற்சாலை நகரம். 1965-ல் அங்கே ஓர் இரும்புத் தகட்டுப் பட்டறையில் வேலை பார்த்துவந்த 17 வயது டோனி அயோமி, வேலையை விட்டுவிட்டு இசைக்குழுவோடு போய்விடுவது என்று முடிவெடுத்திருந்தார். கடைசி நாள் வேலையில் பிரஸ் மெஷின் அவருடைய வலது கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டது. அவர் இடது கைப் பழக்கக்காரர். கிட்டார் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே போய்விட்டன.

மனமொடிந்து கிடந்தவரிடம் பட்டறை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் வாசித்துப் பெரும் புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிட்டார் அது. அயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். மேலே தோல் ஒட்டினார். தந்தி அழுத்தினால் வலித்தது. அதனால் மெல்லிய தந்திகளைப் போட்டார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையே இறக்கிவிட்டார். 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த ‘பிளாக் சப்பாத்’ குழுவின் முதல் இசைத்தட்டிலிருந்துதான் ஹெவி மெட்டலின் வரலாற்றைப் பலரும் தொடங்குகிறார்கள். அந்த இசையின் கனத்த, இருண்ட ஒலியில் ஒரு பட்டறைத் தொழிலாளியின் வெட்டுப்பட்ட விரல்களுக்கும் பங்கு உண்டு.

இதை விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. ராஜபாளையம் 1930-களிலேயே பஞ்சாலை கண்ட ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் ஓடுகின்றன. ஷிப்ட் சங்கு, தறிச்சத்தம், தலைமுடியில் ஒட்டிய பஞ்சு இவற்றோடு வளர்ந்த பிள்ளைகள் இங்கே நிறைய. மெட்டல் என்றால் பெருநகரத்து வசதியான வீட்டுப் பையன்களின் பொழுதுபோக்கு என்று நம்மிடம் ஓர் எண்ணம் உண்டு. அந்த இசை பிறந்த தெருவில் அப்படி வசதி எதுவும் இருந்ததில்லை. மில் ஊர்ப் பிள்ளைக்கு அதன்மேல் முதல் உரிமை இருக்கிறது என்பேன்.

சத்தமாக இருக்கிறதே, இது என்ன இசை என்று கேட்கும் பெரியவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. ராக், பங்க், மெட்டல் மூன்றுக்கும் அடித்தளம் ‘பவர் கார்டு’. அதில் இருப்பது இரண்டே ஸ்வரங்கள்: ச, ப. கச்சேரி மேடையில் தம்புரா மீட்டுவதும், பாட்டு வகுப்பில் சுருதிப்பெட்டி இழுப்பதும் இதே சட்ஜ பஞ்சமம்தான். பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் மேற்கத்திய கார்டில் மகிழ்ச்சியா சோகமா என்று பிரித்துக் காட்டுவது நடுவில் வரும் காந்தாரம். பவர் கார்டில் அது கிடையாது. ஒலியைத் திரித்து முரடாக்கும் டிஸ்டார்ஷனைப் போட்டுவிட்டு முழு கார்டை வாசித்தால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கிப்போகும். சவும் பவும் 2:3 என்ற எளிய விகிதத்தில் அதிர்வதால் எவ்வளவு முரட்டு ஒலியிலும் கலங்காமல் நிற்கும். மெட்டல்காரர்கள் காந்தாரத்தைக் கைவிட்டதற்கு இதுவே காரணம்.

அதற்கு மேலும் உண்டு. ராக் கிட்டாரில் தனி வாசிப்பு என்று வந்தால் பெரும்பாலும் கை போகும் ஐந்து ஸ்வரங்கள் நம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். மெட்டலில் அடிக்கடி கேட்கும் இருண்ட ஸ்வர வரிசை தோடிக்கு உரியது. சரளி வரிசை கற்கும் குழந்தைக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களை வைத்துத்தான் 1962-ல் டிக் டேல் ‘மிசிர்லூ’ என்ற பழைய மத்தியதரைக்கடல் மெட்டை எலெக்ட்ரிக் கிட்டாரில் அசுர வேகத்தில் வாசித்து அமெரிக்காவைத் திரும்பிப் பார்க்க வைத்தார். ராகம் என்பது வெறும் ஸ்வர வரிசை அல்ல. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லாமல் தோடி தோடியாகாது. இருந்தாலும், சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் மூன்று காலத்தில் பாடிப் பழகிய பிள்ளை மெட்டல் கிட்டாருக்கு வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை.

டிஸ்டார்ஷனும் ஆரம்பத்தில் உடைந்த பொருளிலிருந்து வந்ததுதான். 1958-ல் லிங்க் ரே தன் ஆம்ப்ளிபையரின் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார். 1964-ல் ‘கின்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் ஸ்பீக்கர் காகிதத்தைக் கிழித்தார். அந்தக் கரகரப்பு கிட்டார் உலகத்தையே மாற்றியது. நம் கொடை விழாக்களில் உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து இழுக்கும்போது எழும் முனகலும் அதே குடும்பத்து ஒலிதான். உறுமியும் பம்பையும் தவிலும் சேர்ந்து அடிக்கும் நையாண்டி மேளத்தை விடிய விடியக் கேட்டு வளர்ந்த காதுக்கு மெட்டல் அதிர்ச்சி தர நியாயமில்லை.

இனி பங்க். எனக்கு இதில்தான் பற்று அதிகம். 1976-ல் நியூயார்க்கின் ‘ரமோன்ஸ்’ குழு முதல் இசைத்தட்டை வெளியிட்டது. 14 பாட்டு, எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட இல்லை. ஜானி ரமோன் கிட்டாரில் நீண்ட தனி வாசிப்பெல்லாம் கிடையாது. கை மேலிருந்து கீழாக மட்டுமே அடித்துக்கொண்டிருக்கும், மூச்சு விடாமல். அடுத்த ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்தில் ரசிகர்கள் கையால் தயாரித்த ஒரு சிறு பத்திரிகையில் ஏ, ஈ, ஜி என்று மூன்று கார்டுகளின் படம் மட்டும் வரைந்து, இது போதும், போய் ஒரு குழு ஆரம்பியுங்கள் என்று எழுதியிருந்தார்கள். பல ஆண்டுப் பயிற்சி, விலையுயர்ந்த கருவி, பெரிய ஸ்டூடியோ எல்லாம் இருந்தால்தான் மேடை என்றிருந்த நிலையை அந்த ஒரு பக்கம் உடைத்தது. நல்ல ஆசிரியரைத் தேடி மதுரைக்கு சுமார் 85 கிலோமீட்டர் போக வேண்டிய ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இசை எது?

உள்ளூரில் ஆசிரியரே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. தென் மாவட்டங்களில் கிட்டார் உயிரோடு இருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று சர்ச், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிப்பவர்கள். இன்னொன்று திருவிழா மேடைகளுக்குப் போகும் மெல்லிசை ஆர்கெஸ்ட்ரா. இவர்களிடம் ராக் கிடைக்காது. ஆனால் ராக்குக்கு வேண்டிய அடிப்படை அத்தனையும் கிடைக்கும். கார்டு மாற்றுவது, தாளம் விடாமல் நிற்பது, கேட்ட பாட்டைக் காதாலேயே பிடிப்பது. மிச்சத்தை யூடியூப் பார்த்துக்கொள்ளும்.

முதலில் அக்கூஸ்டிக் கிட்டாரில் கற்றுக்கொண்டு பிறகுதான் எலெக்ட்ரிக்குக்குப் போக வேண்டும் என்பார்கள். பங்க், மெட்டல் வாசிக்க ஆசைப்படுகிறவருக்கு அது அவசியமில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரின் தந்தி மெலிது. விரல் நுனி காய்ப்பு ஏறும்வரை வலியும் குறைவு. பெரிய ஆம்ப்ளிபையரும் வேண்டாம். ஹெட்போனில் கேட்கிற சிறு கருவிகள் வந்துவிட்டன, பக்கத்து வீட்டுச் சண்டையும் மிச்சம். பழைய கிட்டார் வாங்கினால் தந்திக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை, கிட்டார்காரர்கள் ‘ஆக்‌ஷன்’ என்று சொல்வதை, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பலர் கிட்டாரை விட்டுவிடுவதற்கு உயரமாக நிற்கும் தந்தியும் ஒரு காரணம். ஆம்ப்ளிபையர் இருந்தால் எர்த் ஒழுங்காக உள்ள மூன்று துளை சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள். எர்த் இல்லாத பழைய வீட்டு வயரிங்கில் இரைச்சல் கேட்பதோடு ஷாக்கும் அடிக்கலாம். இதில் அலட்சியம் கூடாது.

பயிற்சிக்கு ஒரு யோசனை: தடித்த தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். ‘டிராப் டி’ என்பார்கள். கீழ்ச்சுருதியில் உள்ள மூன்று தந்திகளையும் ஒரே விரலால் அழுத்தினால் பவர் கார்டு வந்துவிடும். உள்ளங்கை ஓரத்தைத் தந்திகள் முடியும் இடத்தில் அவற்றின் மேல் லேசாக வைத்துக்கொண்டு அடித்தால் ஒலி மூடி, குதிரைக் குளம்பு மாதிரி வரும். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை மெதுவாக வைத்து, கை சீராகும்வரை வேகத்தைக் கூட்டாமல் இருப்பதுதான் கடினம். வேகம் தானாக வரும். சீர் தானாக வராது.

மலைக்கு அந்தப் பக்கத்தை மறந்துவிடக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைத் தாண்டிய கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது பண்ணைப்புரம். அங்கிருந்து புறப்பட்ட இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். இசையமைப்பாளர் ஆவதற்கு முன் பிறருடைய பாடல்களுக்குக் கிட்டார் வாசித்தவர். 1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வில் ஆர்.சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டு அந்தக் கருவியின்மேல் ஆசைப்பட்ட தமிழர்கள் ஏராளம். ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்துவிட்டு எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்னாடக இசை வாசிக்கிறார். ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ஒரு முழு ஆல்பமே செய்தார்.

மெட்டலிலும் தமிழர்கள் இருக்கிறார்கள். 1992-ல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘ருத்ரா’, தமிழர்கள் முன்னின்று நடத்தும் குழு. டெத் மெட்டலின் கர்ஜனைக்குள் வேதாந்தத்தையும் சமஸ்கிருத சுலோகங்களையும் கொண்டுவந்தவர்கள். அவர்களை மதிக்கிறேன். ஆனால் என் மனம் இன்னும் அதிகம் போவது 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பக்கம். பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் குழுவில் தொடக்கத்தில் 19 பேர். கானா, ராப், பறை, சட்டி, அவற்றோடு ராக் கிட்டார். இடஒதுக்கீடு, சாதி ஆணவக் கொலை, மலக்குழி மரணம் என்று பலரும் மேடையில் பாடத் தயங்கியதைப் பாடினார்கள். அவர்கள் தங்களைப் பங்க் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பங்க் எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையைத் தமிழில் அவர்கள் செய்தார்கள். எங்கள் தெரு, எங்கள் பேச்சு, எங்கள் கோபம். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிமிர்வு.

அந்த நிமிர்வு ராஜபாளையத்துக்கும் வர வேண்டும். கவர் பாட்டு, அதாவது பிறருடைய பாட்டை, வாசிப்பது நல்ல பயிற்சி. அதோடு நின்றால் நஷ்டம். நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் சைக்கிளில் திரும்பும் அக்காவைப் பற்றி, பொதிகை எக்ஸ்பிரஸில் வேலை தேடிச் சென்னைக்குப் போன நண்பனைப் பற்றி, மலையில் மழை பெய்தும் குழாயில் தண்ணீர் வராத கோடையைப் பற்றி இரண்டு நிமிடப் பாட்டு எழுதலாம். தமிழ் வேகமான இசைக்கு ஒத்துவராது என்பவர்கள் திருப்புகழின் சந்தத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். க்க, ட்ட, த்த, ற்ற என்று வல்லின இரட்டைகள் அடுக்கி வரும்போது ஜானி ரமோனின் கை அதற்குத்தான் அடித்ததோ என்று தோன்றும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தோனேசியாவில் மேற்கு ஜாவாவின் காருட் பகுதியில் கிராமத்துப் பள்ளியில் படித்த மூன்று பெண்கள், ஆசிரியர் ஒருவர் கொடுத்த ஊக்கத்தில் 2014-ல் ‘வாய்ஸ் ஆஃப் பாச்சேப்ரோட்’ என்ற மெட்டல் குழுவைத் தொடங்கினார்கள். தலையில் ஹிஜாப், கையில் கிட்டார். ஊரில் எதிர்ப்பும் மிரட்டலும் வந்தன, விடவில்லை. 2024-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்த முதல் இந்தோனேசியக் குழு அவர்களுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கு வெளியிலிருந்து ஆதாரம் தேட வேண்டியதில்லை. தன் ஆசையைத் தன் பெயரோடு பாசுரமாக எழுதிய ஒரு பெண்ணைத் தெய்வமாக வைத்து ஆடிப்பூரத்தில் தேர் இழுக்கிற ஊர் அது. அந்த ஊரில் ஒரு பெண் பாட்டெழுதி உரக்கப் பாடக் கூடாது என்று எந்த வீட்டுப் பெரியவர் சொல்ல முடியும்?

கடைசியாக, கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிருஷ்ணன்கோவிலிலும் நடக்கும் கல்ச்சுரல்ஸில் மெல்லிசைப் போட்டி என்றாலே பெரும்பாலும் சினிமாப் பாட்டுத்தான். அதோடு இன்னொரு பிரிவு சேருங்கள்: மாணவர்களே எழுதி, மெட்டமைத்து, வாசிக்கும் சொந்தப் பாட்டு. ஆளுக்கு மூன்று நிமிடம் போதும். ஒரு டிரம் செட், இரண்டு ஆம்ப்ளிபையர், ஒழுங்கான எர்த் உள்ள ஒரு மேடை. கல்லூரி தர வேண்டியது இவ்வளவே. அறிவிப்பை இந்தக் கல்வியாண்டிலேயே ஒட்டுங்கள்.