கோல்ஃப் வீச்சின் ஆரம்பப் பாடம்

கோல்ஃப் மட்டையின் தலையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் காலம், ஒரு விநாடியை 2000 கூறுகளாக வகுத்தால் அவற்றுள் ஏறத்தாழ ஒரு கூறே ஆகும். சுமார் 46 கிராம் எடையுள்ள அந்தச் சிறு பந்து அதற்குள் நசுங்கி, மீண்டும் திரண்டு, மட்டையை விட்டு விலகிச் சென்றுவிடுகிறது. அதன்பின் ஆட்டக்காரன் செய்யக்கூடியது யாதொன்றுமில்லை. அதற்கு முன்னரும், உச்சியில் நின்ற மட்டை கீழிறங்கி வருகிற ஏறக்குறைய கால் விநாடிக்குள், கண்ணால் கண்டு பிழை திருத்திக்கொள்ள அவகாசமில்லை. ஆதலால், புதிதாகக் கற்க வருபவன் தன் சிரத்தையையெல்லாம் செலுத்த வேண்டிய இடம் அடியன்று, அடிக்கு முந்திய ஆயத்தமே.

அந்த ஆயத்தத்தில் முதலாவது பிடி. ஜெர்சி தீவில் 1870இல் பிறந்து, பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை 6 முறை வென்ற ஹாரி வார்டன், தாம் புதிதாகக் கண்டுபிடிக்காவிட்டாலும் தம் கைத்திறத்தால் உலகெங்கும் பரவச் செய்த பிடியொன்று அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. வலக்கைக்காரர்கள் இடக்கையை மேலும் வலக்கையைக் கீழுமாக வைத்து, வலக்கைச் சுண்டுவிரலை இடக்கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின்மேல் படியவைத்தால், இரு கைகளும் தனித்தனியே இழுக்காமல் ஒரே கைபோல இயங்குகின்றன. மட்டை உள்ளங்கைக் குழியில் அல்ல, விரல்களின் அடிப்பகுதியிலேயே தங்க வேண்டும். ஈரத்துணியைப் பிழிவதுபோல் அதை முறுக்கலாகாது; முன்கையில் நரம்பு புடைத்திருந்தால் இறுக்கம் மிகுந்துவிட்டதென்று அறிந்து சற்றே தளர்த்திக்கொள்ள வேண்டும். பிடியில் நேர்ந்த பிழையைப் பின்னர் இடுப்பாலோ தோளாலோ ஈடுசெய்ய முயல்வது வீண் பிரயாசை என்பது என் திடமான அபிப்பிராயம்.

நிற்கும் நிலைக்கு அதிக விளக்கம் வேண்டுவதில்லை. தோளகலத்துக்குக் கால்களை அகற்றி, முழங்காலை இலேசாக மடித்து, முதுகைக் கூனாமல் இடுப்பிலிருந்து குனிந்தால், கைகள் தாமாகத் தொங்குமிடமே அவற்றின் இடம்.

இனி வீச்சு. தோள்கள் சுமார் 90 பாகையும் இடுப்பு அதில் பாதியும் திரும்ப, மணிக்கட்டு மடிய, மட்டை பின்னே உயர்கிறது. ஆனால் அது இறங்கும்போது முதலில் புறப்பட வேண்டியது கையன்று, இடக்காலின் மேல் பாரத்தைச் சாய்த்துத் திரும்புகிற இடுப்பே. இடுப்பைத் தொடர்ந்து தோளும், தோளைத் தொடர்ந்து கைகளும், எல்லாவற்றுக்கும் கடைசியில் மட்டையின் தலையும் வருகின்றன. 1968இல் கோக்ரன், ஸ்டாப்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி நூல், கைகளை ஒரு கோலாகவும் மட்டையை மற்றொரு கோலாகவும் பாவித்து, மணிக்கட்டைக் கீலாகக் கொண்ட இரட்டை ஊசலென்று இவ்வியக்கத்தை விவரித்தது. மாட்டுவண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்குவதைக் கூர்ந்து நோக்கியவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும்: விரைந்து சென்ற கை தணிகிற அந்தக் கணத்திலேதான் நுனி சீறிப் பாய்கிறது. கையின் வேகம் மட்டையின் தலைக்குக் கைமாறுவதற்கு, மணிக்கட்டின் மடிப்பு இறுதிவரை அவிழாதிருக்க வேண்டும். பலத்தைக் காட்டும் ஆவலில் மட்டையை உச்சியிலிருந்தே தோளாலும் கையாலும் உந்துபவன், அம்மடிப்பை நடுவழியிலேயே அவிழ்த்து, சேர்த்த வேகத்தையெல்லாம் காற்றில் இறைத்துவிடுகிறான்.

இதனினும் பெரிய தவறு, பந்தைத் தூக்கிவிட வேண்டுமென்ற எண்ணம். அது இயல்பான எண்ணமே. பந்து மேலே போகவேண்டுமானால் கீழிருந்து மேலாக அடிக்க வேண்டுமென்று மனம் சொல்கிறது. ஆனால் பயிற்சிக்கு உகந்த ஏழாம் எண் அயர்ன் மட்டையின் முகம் 30 பாகை அளவுக்குப் பின்னோக்கிச் சாய்ந்தே அமைக்கப்பட்டிருக்கிறது. இறங்கி வரும் மட்டை பந்தில் படும்போது அந்தச் சாய்வே அதை மேலே ஏவுவதோடு, பின்முகமாகச் சுழலவும் வைக்கிறது. எடின்பரோ சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராயிருந்த பீட்டர் கத்ரி டெய்ட், சுழலாத பந்து இவ்வளவு நேரம் ஆகாயத்தில் நிற்க இயலாதென்று கணக்கிட்டார். பிறகு பந்தில் நீண்ட நாடாவொன்றைக் கட்டி அடிக்கச் செய்து, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணி, அச்சுழற்சியைப் பிரத்யட்சமாகவே நிரூபித்தார். அவருடைய புதல்வர் பிரெடரிக் 1896லும் 1898லும் அமெச்சூர் சாம்பியன் பட்டம் வென்ற வீரர் என்பதையும் இங்கே நினைவுகூர விரும்புகிறேன். அக்காலத்துப் பந்துகள் மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவினால் ஆனவை. வழவழப்பான புதுப்பந்தைவிட அடிபட்டு வடுவேறிய பழம்பந்தே நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள் கண்டு, வேண்டுமென்றே அதன்மேல் கோடுகளைப் பொறித்தார்கள். இன்றைய பந்தின் சிறு குழிகளுக்கு மூலம் அதுவே.

தரையில் கிடந்த பந்தைச் சரியாக அடித்தோமா என்பதைக் கற்பவன் பந்து போன தூரத்தைக்கொண்டு அறிய வேண்டியதில்லை; குனிந்து புல்லைப் பார்த்தால் போதும். பந்து கிடந்த இடத்துக்குப் பின்னால் மண் பெயர்ந்திருந்தால், அவன் உடல் வலக்காலிலேயே தங்கிப் பந்தைத் தூக்க முயன்றது. பந்து இருந்த இடத்துப் புல் கசங்காமல் நிற்க, அதற்கு நாலு விரற்கடை முன்னே மெல்லிய புல்தோல் ஒன்று சீவப்பட்டிருந்தால், மட்டை முதலில் பந்தையும் அதன் பின்னரே பூமியையும் தொட்டிருக்கிறது.