ஊர்மக்கள் கொடையில் ஓர் அருங்காட்சியகம்

ஒரு வட்டாரத்தின் அன்றாட வாழ்வை, அவ்வட்டாரத்து மக்கள் புழங்கிய பொருள்களைக் கொண்டே காட்டும் இடம் வட்டார வரலாற்று அருங்காட்சியகம் எனப்படும். அரண்மனைக் கருவூலங்களிலிருந்தும் அகழாய்வுக் குழிகளிலிருந்தும் வந்த பொருள்களால் நிறைந்த பெரிய அருங்காட்சியகங்களுக்கு அரசின் ஆதரவும் சட்டத்தின் துணையும் உண்டு. வட்டார அருங்காட்சியகத்துக்கு வேண்டிய தையல் இயந்திரமும் அரிக்கேன் விளக்கும் கூலிச் சீட்டும் பள்ளிக்கூடப் புகைப்படமும் வீடுகளின் பரண்களில் கிடப்பவை. வீட்டுக்காரர் மனமுவந்து இறக்கித் தந்தாலன்றி அது உருவாகவே வழியில்லை. ஆயினும் பொருளைக் கைமாற்றித் தருவதோடு கொடை முடிந்துவிடுவதில்லை. பொருளைப் பற்றிய செய்தியும் அதைப் பேணுவதற்கான செலவும் உடன் வராவிட்டால், வாங்கிக்கொண்ட நிறுவனத்துக்கு அது சுமையாகவே போய்ச் சேரும். இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் வட்டாரத்திலுள்ள பீமிஷ் அருங்காட்சியகத்தின் வரலாற்றில் கொடையின் இந்த இரு பக்கங்களையும் காணலாம்.

பீமிஷைத் தோற்றுவித்த பிராங்க் அட்கின்சன், அதற்கு முன் அதே வட்டாரத்தில் பார்னார்ட் காசில் என்னும் ஊரிலுள்ள போஸ் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்தார். 1892இல் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம், பிரெஞ்சு மாளிகைப் பாணியில் எழுந்த பெருங்கட்டடத்தில் ஐரோப்பிய ஓவியங்களையும் பீங்கான்களையும் விலையுயர்ந்த மரச்சாமான்களையும் காட்டுவது. அதை நிறுவிய ஜான் போஸ் ஒரு நிலக்கரிச் சுரங்க முதலாளி என்பதையும், அந்தக் கரியை வெட்டியெடுத்தவர்களின் வாழ்வைப் பற்றி அந்த மாளிகையில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அட்கின்சனின் மனம் எதைத் தேடியது என்பது விளங்கும். ஸ்காண்டிநேவிய நாடுகளில் பழைய வீடுகளையும் பட்டறைகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து திறந்தவெளியில் மறுபடி எழுப்பிக் காட்டும் அருங்காட்சியகங்களை அவர் 1952இல் பார்த்திருந்தார். 1891இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கப்பட்ட ஸ்கேன்சன் இவ்வகைக்கு முன்னோடி. டர்ஹமில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, தொழிலாளர் குடியிருப்புகள் இடிபட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1958இல், அத்தகையதொரு அருங்காட்சியகம் தம் வட்டாரத்துக்கும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தத் தொடங்கினார்.

அவர் வகுத்த திரட்டு முறை, இத்துறை அறிந்தவர்களைத் திகைக்கவைத்தது. பொதுவாகக் காப்பாட்சியர், அதாவது அருங்காட்சியகப் பொருள்களுக்குப் பொறுப்பான அலுவலர், எது தகும் எது தகாது என்று தெரிந்தெடுத்தே பொருளை ஏற்பார். அட்கின்சனோ மக்கள் எதைக் கொடுத்தாலும் அளவு பாராமல் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தார். நீராவி இயந்திரங்கள் முதல் சமையலறைக் கரண்டிகள் வரை வந்து குவிந்தன. அவற்றை வைக்க இடம் போதாமல் பிரான்ஸ்பெத் என்னும் ஊரில் கைவிடப்பட்ட ராணுவ முகாமின் கொட்டகைகளையும் குடில்களையும் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இதை வெறும் ஆர்வக்கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு வாழ்முறையே பத்திருபது ஆண்டுகளில் மறையப்போகும்போது, அதில் எது முக்கியம் என்று அறையில் அமர்ந்து தீர்மானிக்கக் காப்பாட்சியருக்கு அவகாசமும் இல்லை, அவ்வாழ்க்கையை வாழாதவர் என்ற நிலையில் முழுத் தகுதியும் இல்லை. தெரிந்தெடுக்கும் உரிமையைக் கொடுப்பவரிடமே விட்டதுதான் அவர் செய்த பெரிய காரியம். எனினும் குவிந்ததைப் பிரித்து, பெயரிட்டு, பழுதுபார்க்கும் வேலை பின்வந்த தலைமுறைகளின் தோளில் ஏறியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவ்வாறு சேரும் பொருள்களின் தன்மையை விளக்கச் சுரங்கத் தொழிலாளர் வீடுகளின் கந்தல் விரிப்பு ஒன்று போதும். நைந்துபோன கம்பளிக் கோட்டுகளையும் பாவாடைகளையும் விரலளவு துண்டுகளாகக் கத்தரித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய சாக்குத் துணியில் கூர்முனைக் கோலால் ஒவ்வொன்றாகக் குத்தி நுழைத்துச் செய்யப்படுவது அது. சிறுவர்கள் துண்டு வெட்ட, பெண்கள் சட்டத்தைச் சுற்றி அமர்ந்து குத்துவார்கள். புதிய விரிப்பு கிறிஸ்துமஸை ஒட்டிக் கணப்படுப்பின் முன் இடம் பிடிக்க, பழையது அடுத்த அறைக்குப் போகும். கடைசியில் குப்பைக்குப் போகும். கடையில் விலையில்லாத, செய்தவர்களே தூக்கியெறிந்துவிடும் இப்பொருள், யாரேனும் கொடுத்தாலன்றி எந்த ஏலத்திலும் கிடைக்காது. யார் செய்தது, எந்தத் தெருவில் இருந்தது, எந்தத் துண்டு யாருடைய சட்டையிலிருந்து வந்தது என்ற செய்தி கூடவே வராவிட்டால் அது பழந்துணி மட்டுமே.

பீமிஷுக்கு வந்த கொடைகளில் கட்டடங்களும் அடங்கும். 1867இல் கட்டப்பட்டு 1966இல் மூடப்பட்ட ரவுலி ரயில் நிலையம் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு 1976இல் மறுபடி திறக்கப்பட்டது. கேட்ஸ்ஹெட் நகரில் இடிக்கவிருந்த ரேவன்ஸ்வொர்த் டெரஸ் என்னும் வீட்டு வரிசையில் ஆறு வீடுகள் மீட்கப்பட்டன. ஹெட்டன் ஊரின் பித்தளை வாத்தியக் குழு, 1912இல் எழுந்த தன் ஒத்திகைக் கூடத்தையே கொடையாக அளித்தது. நண்பர் சங்கம் என்ற பெயரில் திரண்ட உறுப்பினர்கள் சந்தாவும் உடலுழைப்பும் தந்தனர். நண்பர் சங்கம் என்பது, ஓர் அருங்காட்சியகத்துக்குப் பணமும் நேரமும் திரட்டித் தருவதற்கென்றே நிர்வாகத்துக்கு வெளியே அமையும் தன்னார்வ அமைப்பு.

ஒரு பொருள் ஏற்கப்படும்போது நடக்கவேண்டிய காரியங்களை ஊர்மக்கள் பெரும்பாலும் அறிவதில்லை. முதலில் அது கொடையா, இரவலா என்பது எழுத்தில் தெளிவாக வேண்டும். கொடை என்றால் உரிமை மாறியதற்குக் கையெழுத்திட்ட கொடைப் பத்திரம் வேண்டும். இல்லாவிடில் கொடுத்தவர் காலத்துக்குப் பின் வாரிசுகள் திரும்பக் கேட்டு வழக்காடக்கூடும். அடுத்து வரவுப் பதிவேட்டில் எண் இடப்பட்டு, பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறி வந்தது என்னும் வரலாறு எழுதப்படும். பின்னர் பராமரிப்பு. கம்பளியில் அந்துப்பூச்சி இருக்கக்கூடும் என்பதால் உறைபெட்டியில் −30 டிகிரி செல்சியஸில் சில நாட்கள் வைத்து எடுக்கிறார்கள். துணியும் காகிதமும் நிறம் வெளிறாதிருக்க அவற்றின்மேல் விழும் வெளிச்சம் சுமார் 50 லக்ஸுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு. சாதாரண அலுவலக மேசைமேல் விழுவது இதைப்போல் பல மடங்கு. இலவசமாக வந்த பொருளுக்கு இவ்வளவு செலவு உண்டு என்பதால்தான், நன்கு நடக்கும் அருங்காட்சியகங்கள் எதைச் சேர்ப்பது என்பதை எழுதி வைத்துக்கொண்டு, ஐந்தாவது தையல் இயந்திரத்தைப் பணிவாக மறுத்துவிடுகின்றன.

பணக்கொடையிலும் இதே சிக்கல் உண்டு. புதிய கூடம் கட்டுவதற்கும், பெயர்ப் பலகை வைக்கத்தக்க காட்சிப் பேழைக்கும் மனமுவந்து தருவோர், மின்கட்டணத்துக்கும் கூரை ஒழுகல் அடைப்பதற்கும் காவலாளி சம்பளத்துக்கும் தரத் தயங்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆகவே நிபந்தனையின்றித் தரப்படும் சிறுதொகை, நிபந்தனையுடன் வரும் பெருந்தொகையைவிடச் சில வேளைகளில் அதிகம் உதவும். பிரிட்டனில் 1990இல் கொண்டுவரப்பட்ட கிஃப்ட் எய்ட் திட்டத்தின்படி, வரி செலுத்துவோர் ஒரு பவுண்டு நன்கொடை தந்தால் அறக்கட்டளை அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ் பெறலாம். நுழைவுச் சீட்டோடு பத்து சதவீதம் கூடுதலாகத் தந்தாலோ, ஓராண்டு முழுதும் வந்துபோகும் உரிமை சீட்டோடு கிடைத்தாலோ, சீட்டின் முழுத் தொகைக்கும் இச்சலுகை பொருந்தும். இதனால் ஒருமுறை வந்துபோகும் பார்வையாளரும் நன்கொடையாளராகிவிடுகிறார். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு கொடுப்பவரின் வரியைக் குறைத்ததே தவிர, பெறும் நிறுவனத்துக்குக் கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை. பொருளாகத் தந்த கொடைக்கு அதில் சலுகையும் இருக்கவில்லை.

இந்தியாவில் மக்கள் கொடையால் உருவானவற்றுள், 2017இல் அமிர்தசரஸ் டவுன் ஹால் கட்டடத்தில் திறக்கப்பட்ட பிரிவினை அருங்காட்சியகம் முதன்மையாகச் சொல்லத்தக்கது. அங்குள்ள ஒரு பூவேலைக் கோட்டும் ஒரு தோல் கைப்பெட்டியும், 1947க்கு முன் திருமணம் பேசப்பட்டு, பிரிவினைக் கலவரத்தில் பிரிந்து, அகதி முகாமில் மறுபடி சந்தித்து, 1948இல் மணந்துகொண்ட இருவருடையவை. குடும்பத்தார் பொருள்களோடு கதையையும் தந்ததால்தான் அவை அங்கு இருக்கின்றன. புனேயில் தினகர் கேல்கர் தனியாளாகத் திரட்டிய விளக்குகள், பாக்குவெட்டிகள், பூட்டுகள் உள்ளிட்ட சுமார் 20,000 பொருள்களை 1975இல் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்ததும் இவ்வகையில் சேரும். ஒருவர் வாழ்நாளோடு திரட்டு சிதறிவிடும் ஆபத்தை அது தவிர்த்தது.

இந்தியாவில் கொடுக்க முன்வருவோர் சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத வயதுடைய சிற்பம், ஓவியம் முதலியனவும், இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டுச் சுவடிகளும் தொல்பொருள்கள். இவற்றில் அரசு குறித்த வகைகளைப் பதிவுசெய்திருந்தால், கைமாறும்போது பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் குறுக்கே வரும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியரிடம் அறிவித்தாக வேண்டும் என்பதால், அதை நேரே ஊர் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது, அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ளவும் கூடாது. தாத்தாவின் கணக்குப் புத்தகத்துக்கும் பாட்டியின் அஞ்சறைப் பெட்டிக்கும் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அவை யாருடையவை என்று சொல்லத் தெரிந்தவர் உடன் வந்தால் போதும்.