பள்ளிக் கணக்கைக் கேட்கும் பெற்றோர்

மகாசபைக் கூட்டத்திற்கு வராமல் இருந்துவிட்டு, ஆண்டு முடிந்தபின் கணக்கு எவ்வாறு போயிற்று என்று திண்ணையில் அமர்ந்து வருந்தும் அங்கத்தினர் எல்லாச் சங்கங்களிலும் உண்டு. பங்குத்தொகை செலுத்திவிட்டால் உரிமை தானே நடந்துகொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரிடத்தும் இதே எண்ணம் காணப்படுகிறது. பொதுப்பணத்தால் நடைபெறும் பள்ளியில் அப்பணம் எவ்வாறு செலவாகிறது, பிள்ளைக்குப் பயன் கிடைத்ததா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்பதைப் பலர் நினைத்தும் பார்ப்பதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வுரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அது எழுதப்பட்டதும், ஒரு சமயம் நீக்கப்பட்டதும், மீண்டும் இடம்பெற்றதும் ஒரு நீண்ட வரலாறு. கூட்டுறவாளராகிய நமக்கு அவ்வரலாற்றில் கற்கத்தக்கது உண்டு என்று கருதி, அதனை இங்கே விளக்க முற்படுகிறோம்.

மத்திய அரசாங்கத்தின் பணம் பள்ளிக்கு வந்த விதம்

அமெரிக்காவில் பள்ளிகளை நடத்துவது மத்திய அரசாங்கம் அன்று. கல்வி மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்களுக்குள் ஏறத்தாழ 13,000 பள்ளி வட்டாரங்கள் இருக்கின்றன. பெரும்பாலான வட்டாரங்களில், ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவே பள்ளிகளை நிருவகிக்கிறது. செலவுக்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதி மாநில வரியிலிருந்தும், அந்தந்த ஊரின் வீடு நிலங்கள்மீது விதிக்கப்படும் சொத்து வரியிலிருந்தும் வருகிறது. சொத்து மிகுந்த ஊரில் பள்ளியும் செழிக்கும். சொத்துக் குறைந்த ஊரில் பள்ளியும் மெலியும். மத்திய அரசாங்கம் தரும் பங்கு மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. எனினும், ஏழைப் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கு அந்தப் பங்கு பெருந்துணையாகும்.

இத்துணைக்கு வழிசெய்தது 1965-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1965 ஏப்ரல் 11-ஆம் தேதி அதில் கையெழுத்திட்டார். இளமையில் டெக்ஸாஸ் மாநிலத்துக் கோட்டுலா என்னும் சிற்றூரில், மெக்சிகோ வழிவந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். தாம் முதன்முதல் எழுத்துக் கற்ற சிறு பள்ளியின் அருகே, தமக்குக் கற்பித்த ஆசிரியையைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு கையெழுத்திட்டார். அச்சட்டத்தின் முதற் பகுதியை 'டைட்டில் ஒன்' என்று அந்நாட்டார் வழங்குகின்றனர். வறிய குடும்பத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கொண்டு பள்ளி வட்டாரங்களுக்குப் பணம் பகிர்ந்தளிக்கும் திட்டம் அது. அண்மை ஆண்டுகளில் அதற்கென ஒதுக்கப்படும் தொகை ஆண்டொன்றுக்கு 1,800 கோடி டாலரை ஒட்டியதாகும்.

கணக்கு கேட்பார் இல்லாத நாட்கள்

சட்டம் ஆலோசனையில் இருந்தபோதே, இப்பணத்தால் பிள்ளைகளுக்கு நன்மை விளைந்ததா என்பதைப் பெற்றோர் அறிய வழி வேண்டும் என்று செனட் உறுப்பினர் ராபர்ட் கென்னடி வற்புறுத்தினார். அதன் பயனாக, திட்டத்தின் விளைவை அளந்து அறிக்கை தரவேண்டும் என்னும் விதி சேர்ந்தது. ஆனால் அறிக்கை எழுதியவர் பள்ளி அதிகாரிகள், படித்தவரும் அதிகாரிகளே. பெற்றோர் அமர்ந்து கேட்பதற்கு ஓர் இடம் ஏற்படவில்லை.

இதன் விளைவு நான்கு ஆண்டுகளில் வெளிப்பட்டது. ரூபி மார்ட்டின், பிலிஸ் மக்ளூர் என்னும் இரு பெண்மணிகள் தணிக்கை அறிக்கைகளை ஆராய்ந்து 1969-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஏழைப் பிள்ளைகளின் பெயரால் வந்த பணம் பல இடங்களில் எல்லாப் பள்ளிகளின் பொதுச் செலவிலும் கரைந்து போயிருந்தது. தேவைக்கு மிஞ்சிய கருவிகளும் நீச்சல் குளங்களும் கூட அப்பணத்தில் வாங்கப்பட்டன என்பது தெரியவந்தது. எந்தப் பிள்ளையைக் காட்டிப் பணம் பெறப்பட்டதோ, அந்தப் பிள்ளையின் தாய்தந்தையருக்கு அப்படி ஒரு பணம் வந்த செய்தியே எட்டவில்லை.

அதன் பின்னர் சட்டம் இறுக்கமடைந்தது. மத்திய அரசாங்கத்தின் பணம் உள்ளூர்ப் பணத்திற்கு மேற்பட்ட துணையாக இருக்கவேண்டுமேயன்றி, அதற்கு மாற்றாக ஆகக்கூடாது என்பது 1970-இல் சட்டத்தில் எழுதப்பட்டது. 1974-இல், பணம் பெறும் வட்டாரத்திலும் பள்ளியிலும் பெற்றோர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட வேண்டும், குழுவில் பெரும்பான்மையினர் பெற்றோராக இருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1978-இல் அவ்விதி மேலும் விரிவுபெற்றது.

ஆனால் 1981-இல் விதிகளைச் சுருக்க வேண்டும் என்ற நோக்கம் மேலோங்கியபோது, அக்குழுக்கள் கட்டாயம் என்ற நிலை நீங்கிற்று. பெற்றோரைக் கலந்துகொள்ள வேண்டும் என்ற பொதுச் சொல் மட்டும் எஞ்சியது. கட்டாயம் போனபின் பல ஊர்களில் குழுக்களும் போயின. 1988-இல் பெற்றோர் பங்கு பற்றிய விதிகள் மீண்டும் வலுப்பெற்றன. 1994-இலும் 2001-இலும் நிறைவேறிய சட்டங்களில் தொடர்ந்தன. 2015 டிசம்பரில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் இன்றைய வடிவம் பெற்றன. எழுதிக் கிடைத்த உரிமையும், அதைக் கையாளுவோர் இல்லாவிடில் ஒரு திருத்தத்தில் மறைந்துபோகும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

சட்டம் பெற்றோருக்கு அளிப்பவை

டைட்டில் ஒன் பணம் பெறும் பள்ளி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோர் கூட்டம் கூட்டவேண்டும். இப்பள்ளி இத்திட்டத்தில் சேர்ந்துள்ளது, இதனால் உங்களுக்கு இன்ன உரிமைகள் உண்டு என்று அக்கூட்டத்தில் எடுத்துரைக்க வேண்டும். வேலைக்குச் செல்வோரின் வசதி கருதி, காலையிலும் மாலையிலும் எனப் பல நேரங்களில் கூட்டங்கள் வைக்கவேண்டும். வந்துசெல்லும் வண்டிச் செலவுக்கும், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கும் இத்திட்டப் பணத்தைச் செலவிடலாம் என்றும் சட்டம் இடமளிக்கிறது.

பெற்றோரை எவ்வாறு ஈடுபடுத்துவது என்பதைப் பள்ளி, பெற்றோருடன் கூடி எழுத்தில் வகுக்கவேண்டும். பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையே ஓர் உடன்படிக்கையும் எழுதப்படுகிறது. பள்ளி செய்யவேண்டியது எது, பெற்றோர் செய்யவேண்டியது எது என்று அதில் பிரித்துச் சொல்லப்படும். தொடக்கப் பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆசிரியரும் பெற்றோரும் சந்தித்து அவ்வுடன்படிக்கையைப் பிள்ளையின் படிப்போடு சேர்த்துப் பேசவேண்டும். வகுப்பில் அமர்ந்து பாடம் நடப்பதைக் காணவும் பெற்றோருக்கு வாய்ப்பளிக்க வேண்டும்.

பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசிரியர் மாநிலம் விதித்த தகுதி பெற்றவரா என்று பெற்றோர் கேட்டால், பள்ளி வட்டாரம் விடை தரவேண்டும். தகுதிச் சான்று இல்லாத ஆசிரியர் தொடர்ந்து நான்கு வாரமோ அதற்கு மேலோ கற்பித்தால், கேளாமலே பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். இச்செய்திகள் யாவும், இயன்றவரை, பெற்றோருக்கு விளங்கும் மொழியில் இருக்கவேண்டும். ஆங்கிலம் அறியாத குடியேறிகள் நிறைந்த நாட்டில் இவ்விதியின் அருமையை எளிதில் உணரலாம்.

பணத்திற்கும் ஒரு விதி உண்டு. டைட்டில் ஒன் வழியாக 5 லட்சம் டாலருக்கு மேல் பெறும் வட்டாரம், அதில் நூற்றுக்கு 1 பங்கையேனும் பெற்றோர் ஈடுபாட்டுக்கென ஒதுக்கவேண்டும். அவ்வாறு ஒதுக்கியதில் நூற்றுக்கு 90 பங்கு பள்ளிகளுக்குப் போய்ச்சேர வேண்டும். உதாரணமாக, ஒரு வட்டாரம் 20 லட்சம் டாலர் பெறுவதாகக் கொள்வோம். ஒதுக்கவேண்டியது 20,000 டாலர். பள்ளிகளுக்குச் சேரவேண்டியது 18,000 டாலர். இத்தொகையை எதற்குச் செலவிடுவது என்னும் முடிவில் பெற்றோர் கலந்துகொள்ள உரிமையுண்டு. வட்டாரம் வகுத்த திட்டம் பெற்றோருக்கு உவப்பாக இல்லையெனில், அவர்கள் எழுதித் தரும் குறைகளையும் திட்டத்தோடு சேர்த்தே மாநிலத்திற்கு அனுப்பவேண்டும்.

இவையன்றி வேறு இரு சட்டங்களும் குறிப்பிடத்தக்கவை. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மத்திய அரசாங்கத்தின் கல்விப் பணம் பெறும் பள்ளியில் தம் பிள்ளையைப் பற்றிய பதிவேடுகளைப் பார்வையிடும் உரிமையைப் பெற்றோருக்கு அளித்தது. கேட்ட 45 நாட்களுக்குள் காட்டவேண்டும். பிழை கண்டால் திருத்தக் கோரலாம். 1975-இல் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டமோ, உடற்குறை, மனக்குறையுள்ள பிள்ளைகளின் கல்வித் திட்டத்தை வகுக்கும் குழுவில் பெற்றோரையும் ஓர் உறுப்பினராக அமர்த்திற்று. முதன்முறை பரிசோதிப்பதற்குமுன் பெற்றோரின் சம்மதம் பெறவேண்டும். முடிவில் உடன்பாடு இல்லாவிடில் நடுநிலையான விசாரணை கோரலாம். மேற்கூறிய சட்டங்களுள் பெற்றோருக்கு மிகுந்த வலிமை தருவது இதுவே.

உரிமையின் எல்லை

சட்டம் பெற்றோருக்குத் தருவது ஆட்சி அன்று; அமர்ந்து கேட்கும் இடம். டைட்டில் ஒன் பணத்தைப் பற்றிய இறுதி முடிவு பள்ளி வட்டாரத்தின் கையில் இருக்கிறது. உடன்படிக்கையும் கோர்ட்டில் காட்டி நிறைவேற்றத்தக்க பத்திரம் அன்று. நியூஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரப் பெற்றோர், தமக்குத் தரவேண்டிய அறிவிப்புகள் தரப்படவில்லை என்று வழக்குத் தொடர்ந்தனர். அச்சட்ட விதிகளை வைத்துப் பெற்றோர் தாமே வழக்காட இயலாது என்று 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று.

ஆகவே, அங்கே பெற்றோரின் வலிமை பெரும்பாலும் அவர்கள் கூட்டத்திற்கு வருவதிலும், கேட்கும் கேள்வியிலுமே இருக்கிறது. இரவு வேலை முடித்துக் களைத்து வரும் ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். அவளுக்கு ஆங்கிலம் அரைகுறையாகவே தெரியும். பள்ளி விழாவுக்குப் பலகாரம் செய்து கொடுப்பதே பெற்றோர் ஈடுபாடு என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கலாம். அவள் கூட்டத்தில் எழுந்து, "இவ்வாண்டு எவ்வளவு பணம் வந்தது? எதற்குச் செலவாயிற்று? என் மகள் வகுப்புக்கு ஏற்றபடி வாசிக்கிறாளா? இல்லையெனில் அப்பணத்தில் அவளுக்குச் செய்வது என்ன?" என்று கேட்பாளாயின், சட்டம் அவள் பக்கம் நிற்கும். அவள் கேளாதிருந்தால், வருகைத் தாளில் சிலர் கையொப்பம் பெற்றுக் கூட்டம் நடந்ததாகக் கோப்பில் சேர்த்துவிடுவது எவருக்கும் எளிது.

நமக்கு அண்மையில் உள்ளது

இக்கொள்கை நம் நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. 2009-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளராக இருக்கவேண்டும். சரிபாதியினர் பெண்களாக இருக்கவேண்டும். பள்ளி நடைபெறுவதைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுத்துப் பரிந்துரைப்பதும், வரும் மானியம் செலவாகும் விதத்தைப் பார்ப்பதும் அக்குழுவின் கடமைகள். அமெரிக்கப் பெற்றோருக்கு 1974-இல் கிடைத்து 1981-இல் கைநழுவிய பெரும்பான்மை இடம் நம் பெற்றோருக்குச் சட்டப்படி இருக்கிறது.

நூல் வாங்கும்போது எடையும் நம்பரும் பார்த்து வாங்குகிறோம். விளைபொருளைக் கொடுக்கும்போது தராசு முள்ளைக் கூர்ந்து நோக்குகிறோம். சங்கக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் காரியதரிசியைக் கேட்கிறோம். இந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூட வாயிலில் கழற்றி வைக்கவேண்டிய காரணம் ஒன்றும் இல்லை. ஆசிரியரைக் குற்றவாளியாக்கும் நோக்கமும் இதில் இல்லை. கணக்கைக் கேட்கும் அங்கத்தினரால் நேர்மையான காரியதரிசிக்கு வலிமை கூடுவது போல, அக்கறையுள்ள பெற்றோரால் நல்ல ஆசிரியருக்கும் வலிமை கூடும்.

நம் அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து பலர், சிறப்பாகத் தாய்மார்கள், இக்குழுக்களில் இடம்பெறலாம். பெயரளவில் இருந்து கையொப்பம் மட்டும் இடுவோராக அவர்கள் ஆகிவிடக் கூடாது. அடுத்த கூட்டத்தின் தேதியைக் கேட்டறிந்து, அன்று ஒருவேளைத் தறியையோ வயல் வேலையையோ நிறுத்திவிட்டுச் செல்லுதல் வேண்டும். சென்று, வளர்ச்சித் திட்டத்தின் நகலையும் மானியக் கணக்கையும் காட்டுமாறு கேட்டல் வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாதவர் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லலாம். அதில் வெட்கத்திற்கு இடமில்லை. ஒருவேளைக் கூலி இழப்புத்தான். ஆனால் அந்தப் பள்ளியில் நம் பிள்ளை கழிப்பது பல ஆண்டுகள்.